மது தண்டவதே: இயற்பியல் வகுப்பிலிருந்து ரயில்வே அமைச்சகம் வரை (கிரந்தசாலைப் பேச்சுக்குத் தகவல் தேவை)

கொழிஞ்சாம்பாறை வாசகன்

நண்பர்களே, எங்கள் ஊர் கிரந்தசாலையில் (நூலகத்தில்) எமர்ஜென்சி காலம், அதாவது 1975-ல் இந்திரா காந்தி கொண்டுவந்த நெருக்கடி நிலை பற்றி ஒரு மாலைக் கூட்டம் வைக்கிறோம். மலையாளத்தில் பேச ஒரு மாஷ் (வாத்தியார்) ஒத்துக்கொண்டுவிட்டார். தமிழில் பேசுவது என் பொறுப்பு. எமர்ஜென்சியை எதிர்த்த ஜெயப்பிரகாஷ் நாராயண், ஜார்ஜ் பெர்னாண்டஸ் பற்றியெல்லாம் நிறையப் பேசியாகிவிட்டது. நான் எடுத்துக்கொண்டிருப்பது மது தண்டவதே. நம் பக்கத்து இளைஞர்களில் பலர் அந்தப் பெயரைக் கேட்டதுகூட இல்லை. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

சுருக்கமாகச் சொல்கிறேன், விட்டதை நீங்கள் சேருங்கள். 1924 ஜனவரி 21-ல் அகமதுநகரில் பிறந்தவர். பம்பாயில் இயற்பியல் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு சித்தார்த்தா கல்லூரியில் ஆசிரியரானார். அம்பேத்கர் உருவாக்கிய மக்கள் கல்விக் கழகம் 1946-ல் தொடங்கிய கல்லூரி அது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு அங்கேயே பாடம் நடத்தி, துறைத் தலைவராகவும் துணை முதல்வராகவும் ஆனார். பாடம் எடுத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் தெருவில்தான். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் இருந்தார். 1955-ல் கோவா சத்தியாக்கிரகத்துக்கு ஒரு குழுவை நடத்திப் போய் போர்ச்சுகீசியக் காவலர்களிடம் அடி வாங்கினார்.

1971-ல் ராஜாப்பூர் தொகுதி. கொங்கண் கரையோரம். அந்தத் தொகுதியை வைத்திருந்த நாத் பை அந்த ஆண்டு ஜனவரியில்தான் இறந்துபோனார். இந்திரா அலை நாடெங்கும் அடித்த தேர்தல் அது. பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கு மொத்தமே 2 இடம் கிடைத்தது. அதில் ஒன்று இந்த வாத்தியாருடையது.

1975 ஜூன் 26 காலை அவர் பெங்களூரில் இருந்தார். கட்சித் தாவலைத் தடுக்கும் மசோதாவை ஆராயும் நாடாளுமன்றக் குழுவின் கூட்டத்துக்காகப் போயிருந்தார். வாஜ்பாய், அத்வானி, ஷியாம் நந்தன் மிஸ்ரா ஆகியோரும் அங்கேதான் இருந்தார்கள். நான்கு பேரையும் அங்கேயே பிடித்து பெங்களூர் மத்தியச் சிறையில் அடைத்தார்கள். ஒரு சட்டத்தை வரிவரியாகத் திருத்த வந்தவரை, எந்த விசாரணையும் இல்லாமல் உள்ளே தள்ளினார்கள் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. 1977 மார்ச்சில் காங்கிரஸ் தோற்று ஜனதா கட்சி ஆட்சிக்கு வந்தபோது அவரே ரயில்வே அமைச்சர்.

இதற்கு மேல் ரயில்வே, நிதி அமைச்சகக் காலம் பற்றி உங்களிடம் என்ன இருக்கிறது? சொந்த ஊர்ச் செய்திகள் இருந்தால் இன்னும் நல்லது.

ஒலவக்கோட்டுப் பிள்ளை

அண்ணே, இந்தப் பெயரை நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். ஒலவக்கோட்டில் (பாலக்காட்டு ரயில் சந்திப்பு இருக்கும் இடம்) ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த எல்லோருக்குமே தெரியும்.

முதலில் பலகை விஷயம். இரண்டாம் வகுப்பில் இன்றைக்கு நாம் படுக்கிற பெர்த், 77-க்கு முன்னால் வெறும் மரப்பலகை. இங்கிருந்து பம்பாய்க்குப் போகிறவர்கள் கோயம்புத்தூர், சேலம், ஜோலார்பேட்டை, ரேணிகுண்டா, குந்தக்கல், சோலாப்பூர் என்று சுற்றிக்கொண்டு இரண்டு ராத்திரி போக வேண்டும். வசதி உள்ளவர்கள் ஹோல்டால் (சுருட்டிக் கட்டும் படுக்கை) கட்டிக்கொண்டு வருவார்கள். இல்லாதவர்கள் வேட்டியை நாலாக மடித்துப் போட்டுக்கொள்வார்கள். காலையில் எழுந்தால் பலகைகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்கு முதுகில் வரி வரியாகப் பதிந்திருக்கும் என்று என் பெரியம்மா சொல்வார். அவர் பம்பாயில் மாட்டுங்காவில் குடியிருந்தவர்.

தண்டவதே வந்ததும் அந்தப் பலகை மேல் 2 அங்குல ஃபோம் மெத்தை போடச் சொன்னார். 1977 டிசம்பர் கடைசியில் பம்பாய்க்கும் ஹவுராவுக்கும் இடையே கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் விட்டார்கள். முதல் வகுப்பே இல்லாத வண்டி. எல்லோரும் இரண்டாம் வகுப்பு, எல்லோருக்கும் மெத்தை, வேகமும் அதிகம். அதற்கு முன்பும் மூன்றாம் வகுப்பு மட்டும் வைத்து 'ஜனதா' என்ற பெயரில் வண்டிகள் ஓடின. ஆனால் ஏழைக்கு விடுகிற வண்டியிலேயே நல்ல வேகமும் நல்ல படுக்கையும் இருக்கட்டும் என்று நினைத்தவர் இவர். அப்புறம் மெல்ல மெல்ல எல்லா வண்டிக்கும் அந்த மெத்தை வந்தது.

இரண்டாவது, 1974 வேலைநிறுத்தம். மே 8-ல் தொடங்கி 20 நாள் நடந்தது. நாடு முழுக்க சுமார் 17 லட்சம் தொழிலாளர்கள். அதில் வேலை போனவர்களை 77-க்குப் பிறகு திரும்ப எடுத்தது தண்டவதே காலத்தில். எங்கள் வரிசையில் ஒரு மாமா லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர். இடையில் கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கூலிக்குப் போனார். திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்ட கடிதம் வந்த அன்று அந்த வரிசையில் எல்லா வீட்டுக்கும் பாயசம் போயிற்று. அந்தக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். மாமா ஓய்வு பெற்று வீடு மாறும்போதுதான் அது சுவரை விட்டு இறங்கியது.

வாளையார் காற்று

எல்லாம் சரி. எனக்கு இரண்டு சந்தேகம் இருக்கிறது, நேராகவே கேட்கிறேன்.

ஒன்று, 1977-ல் வட இந்தியா முழுவதும் எமர்ஜென்சிக்கு எதிராக ஓட்டுப் போட்டபோது கேரளத்தில் 20-க்கு 20-ம் காங்கிரஸ் அணிக்கே போனது. பாலக்காடும் அதில் அடக்கம். அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் அதே கதைதான். அப்படியிருக்க, நம் ஊர் மக்களிடம் போய் "ஜனநாயகத்தைக் காத்த பேராசிரியர்" என்று சொன்னால் யார் காதில் ஏறும்? "அந்தக் காலத்தில் பஸ் நேரத்துக்கு வந்தது, ஆபீஸில் ஆள் இருந்தான்" என்று சொல்கிற பெரியவர்கள்தான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டு, ஜனதா அரசு 1979 ஜூலையில் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு விழுந்தது. இவரும் அந்த அமைச்சரவையில்தான் இருந்தார். நல்ல மனிதர்கள் நாலு பேர் சேர்ந்தும் ஒரு ஆட்சியை மூன்று வருஷம் நடத்த முடியவில்லையே.

கொழிஞ்சாம்பாறை வாசகன்

நல்ல கேள்வி. முன்வரிசைப் பெரியவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது: ராஜன் வழக்கு. 1976 மார்ச் 1 அன்று கோழிக்கோடு ரீஜனல் என்ஜினீயரிங் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பையனைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போய் கக்கயம் முகாமில் வைத்தது. திரும்பி வரவே இல்லை. அப்பா ஈச்சர வாரியர், இந்திப் பேராசிரியர். மகனைத் தேடி அவர் ஏறி இறங்காத படி இல்லை. எமர்ஜென்சி விலகிய பிறகுதான் ஆட்கொணர்வு மனு போட முடிந்தது. முதல்வராகப் பதவியேற்ற கருணாகரன் ஒரே மாதத்தில், 1977 ஏப்ரல் 25-ல், அந்த வழக்கினால் பதவி விலகினார். பஸ் நேரத்துக்கு வந்ததைச் சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். உயிரோடு இருக்கிறானா என்று நீதிமன்றத்தில் கேட்கக்கூட வழியில்லாத காலம் அது. பெங்களூர்ச் சிறையில் இருந்த தண்டவதேயும் மற்ற மூவரும் கர்நாடக உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், எமர்ஜென்சியில் சிறை வைத்ததை எதிர்த்து நீதிமன்றம் வர முடியாது என்று சொல்லி அந்த வாசலையும் அடைத்தது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார்.

ஜனதா உடைந்தது உண்மை, அதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. ஆனால் உடைவதற்குள் அரசியலமைப்பின் 44-வது திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். உயிருக்கும் சுதந்திரத்துக்குமான 21-வது பிரிவை எந்த எமர்ஜென்சியிலும் நிறுத்தி வைக்க முடியாது என்றாயிற்று. இன்னொன்றையும் பாருங்கள். 1980-ல் ஜனதாவுக்கு 31 இடம், 1984-ல் வெறும் 10. இரண்டு முறையும் ராஜாப்பூர்க்காரர்கள் தண்டவதேவைக் கைவிடவில்லை. 1971-லிருந்து 1989 வரை தொடர்ந்து ஐந்து முறை. அது பிள்ளைகள் பம்பாய் ஆலைகளுக்குப் போய் மணியார்டர் அனுப்பி வாழ்ந்த ஏழைப் பகுதி. அங்கே பணத்தை இறைத்து ஜெயிக்கக்கூடியவர் இல்லை அவர்.

நகரி வாசகன்

அண்ணா, ஆந்திர எல்லையிலிருந்து ஒரு சேர்க்கை. பேராசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர்களில் எங்கள் சித்தூர்த் தொகுதிக்கு ஒருவர் இருந்தார். என்.ஜி. ரங்கா. குண்டூர் பக்கத்து நிடுப்ரோலுக்காரர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவர். விவசாயிகள் இயக்கத்தில் பெரிய பெயர். கூட்டுப்பண்ணை வேண்டாம் என்று நேருவை எதிர்த்துத்தான் 1959-ல் ராஜாஜியோடு சேர்ந்து சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1962 பொதுத் தேர்தலில் தோற்று, பிறகு அனந்தசயனம் அய்யங்கார் விட்டுப்போன சித்தூரில் இடைத்தேர்தலில் ஜெயித்தார். எங்கள் தாத்தா தலைமுறை நகரி, புத்தூர் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் அவரைப் பற்றி ஓயாமல் பேசுவார்கள்.

ஆனால் பாருங்கள், இவர் பிற்காலத்தில் காங்கிரசுக்கே திரும்பிவிட்டார். 1980-ல் குண்டூரில் ஜெயித்தது இந்திரா காங்கிரஸ் வேட்பாளராக. அதை நான் குறையாகச் சொல்ல வரவில்லை. விவசாயிக்கு எது நல்லது என்பதே அவருக்குக் கடைசி வரை அளவுகோல். தண்டவதேக்கு அதோடு இன்னொன்றும் முக்கியம்: எதிர்க்கட்சி என்று ஒன்று இருந்தாக வேண்டும். 1971-ல் இருவராக நின்றபோதும், 1984-ல் பத்துப் பேராக நின்றபோதும் அவர் எதிர் வரிசையிலேயே இருந்தார். உங்கள் பேச்சில் இந்த இரண்டு பேராசிரியர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டு பேரும் படித்த படிப்பை விட்டுவிடவில்லை, ஆனால் போன வழி வேறு.

கொல்லங்கோட்டுக்காரி

ரயில் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். எங்கள் வீட்டில் தண்டவதே என்றால் தங்கம்.

என் தாத்தா நகை ஆசாரி. கொல்லங்கோட்டில் வீட்டுத் திண்ணையிலேயே பட்டறை. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. அப்போது நிதி அமைச்சர் மொரார்ஜி தேசாய். 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றார்கள். 22 காரட்டில் தாலி கேட்கிற ஊரில் 14 காரட் நகையை யார் வாங்குவார்கள்? அது கெட்டியாக இருக்கும், கம்பி இழுத்தால் முறியும், மெருகு நிற்காது என்று தாத்தா சொல்வார். நாடு முழுக்க ஆசாரிகள் வேலை இழந்தார்கள், தற்கொலைகளும் நடந்தன. 1966-ல் காரட் விதியைத் தளர்த்தினார்கள். ஆனால் 1968-ல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமே வந்துவிட்டது. ஆசாரிக்குச் சான்றிதழ், கையில் இருக்கும் தங்கத்துக்கு வரம்பு, அதற்கு ஒரு கணக்குப் புத்தகம்.

அந்தப் புத்தகத்தை நான் பார்த்திருக்கிறேன். யார் கொடுத்தது, எத்தனை கிராம், உருக்கிய பிறகு எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, திருப்பிக் கொடுத்தது என்றைக்கு என்று எல்லாம் அதில் இருக்கும். தாத்தாவுக்குத் தமிழ் எழுதத் தெரியும், மற்றதெல்லாம் பாட்டிதான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பிடித்து எழுதி வாங்குவார். ராவித்தூள் (அரம் போடும்போது விழும் தங்கத் துகள்) பொட்டு அளவு கூடக்குறைய இருந்தாலும் சோதனைக்கு வந்தவர்கள் முன்னால் கை கட்டி நிற்க வேண்டும். கடத்தல்காரன் பிஸ்கட் பிஸ்கட்டாக இறக்கிக்கொண்டிருந்தான். சட்டம் பாய்ந்தது திண்ணையில் ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்தவர் மேல்.

1990-ல் நிதி அமைச்சராக இருந்த தண்டவதே அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார். இருபத்தேழு வருஷமாக எத்தனையோ அமைச்சர்கள் வந்தார்கள், அதைத் தொட்டவர் இல்லை. மொரார்ஜியின் அமைச்சரவையிலேயே இருந்தவர், மொரார்ஜி கொண்டுவந்ததை எடுத்தார். அது பெரிய மனதுதான். தாத்தா அந்தக் கணக்குப் புத்தகத்தை எரிக்கவில்லை, பரணில் போட்டார். வேண்டுமானால் கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன்.

மீனாட்சிபுரம் சார்

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த வங்கி என்பது வேண்டாம். சித்தூர் தாலுகாவில் ஒரு கிளையில் இருந்தேன் (நம் பாலக்காட்டுச் சித்தூர்). தண்டவதே நேர்மையானவர் என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் அவர் நிதி அமைச்சராக இருந்த காலத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

1990 விவசாயக் கடன் தள்ளுபடி. ஆளுக்கு 10,000 ரூபாய் வரை, பாக்கி வைத்திருந்தவர்களுக்கு. வி.பி. சிங் அரசின் தேர்தல் வாக்குறுதி அது. நிதி அமைச்சர் என்ற முறையில் இவர்தான் நிறைவேற்றினார். கிளையில் பட்டியல் ஒட்டிய அன்றைக்கு ஒரு அம்மா வந்தார். ஆழ்துளைக் கிணறு மோட்டாருக்குக் கடன் வாங்கி, கம்மலை விற்று முந்தின வருஷம்தான் கடைசித் தவணை கட்டியிருந்தார். "கட்டினவ நான். எனக்கு என்ன சார் இருக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு சில வருஷம் வசூலுக்குப் போனால், "அடுத்த தள்ளுபடி எப்போ வரும்?" என்றுதான் கேட்டார்கள். சிறு விவசாயி உண்மையிலேயே கடனில் மூழ்கிக் கிடந்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடன் கொடுக்கும் அமைப்பையும் சேர்த்துத்தானே காப்பாற்ற வேண்டும்?

அதே 1990 ஆகஸ்டில் குவைத்தை இராக் பிடித்தது. எண்ணெய் விலை ஏறியது. நம் ஊர்ப் பிள்ளைகள் உடுத்திய துணியோடு விமானத்தில் திரும்பி வந்தார்கள், அவர்கள் அனுப்பிய பணமும் நின்றது. அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்தது. நவம்பரில் ஆட்சி போயிற்று, மறு வருஷம் நாட்டின் தங்கத்தையே அடகு வைக்கும் நிலை. பற்றாக்குறை எண்பதுகளிலிருந்தே ஊறி வந்த நோய், அதை ஒருவர் தலையில் மட்டும் கட்ட முடியாது. இருந்தாலும் அவர் நிதி அமைச்சராக இருந்த பதினோரு மாதத்தில் இன்னும் கறாராக இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒலவக்கோட்டுப் பிள்ளை

சார், அந்த அம்மா கேட்ட கேள்வி நியாயம். ஆனால் 10,000 என்ற வரம்பு வைத்ததே சின்னக் கடன்காரனுக்கு மட்டும் போய்ச் சேரட்டும் என்றுதானே? பெரிய தொழில் கடன்கள் எப்படிப் போயின என்பதை உங்களைவிட யாரும் நன்றாகச் சொல்ல முடியாது.

மீனாட்சிபுரம் சார்

தம்பி, பெரியவன் ஏமாற்றினான் என்பது சின்னக் கடனைக் கெடுப்பதற்குக் காரணம் ஆகாது. இரண்டும் தப்பு.

பாறசாலை லதா

பேச்சில் பிரமீளா தண்டவதேவை விட்டுவிடாதீர்கள் அண்ணா. விலைவாசிப் போராட்டத்தில் மிருணாள் கோரேயோடு பம்பாய்ப் பெண்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர். எமர்ஜென்சியில் அவரையும் பிடித்து எரவாடா சிறையில் ஒன்றரை வருஷம் வைத்தார்கள். கணவர் பெங்களூரில், மனைவி புனேயில். மகன் வெளியே. சிறைக்குச் சிறை கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள், தணிக்கை முத்திரை குத்தித்தான் போகும். 1980-ல் பம்பாயிலிருந்து பிரமீளாவும் மக்களவைக்கு வந்தார். வரதட்சணைச் சட்டத்தைக் கடுமையாக்க அவர் பாடுபட்டார், பெண்கள் இடஒதுக்கீட்டுக்காகக் கடைசி வரை குரல் கொடுத்தார். 2001 டிசம்பர் கடைசி நாளில் காலமானார்.

எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்று: திருவனந்தபுரம், நாகர்கோவில், கன்னியாகுமரி ரயில் பாதை திறந்தது 1979 ஏப்ரலில், தண்டவதே அமைச்சராக இருந்தபோது. அடிக்கல் 1972-லேயே இந்திரா காந்தி போட்டது. இவர் காலத்தில் ஓடத் தொடங்கியது. பாறசாலை, குழித்துறைப் பக்கத்துப் பிள்ளைகள் திருவனந்தபுரத்துக்கு ரயிலில் போய்ப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

கொழிஞ்சாம்பாறை வாசகன்

எல்லோருக்கும் நன்றி. லதா சொன்னதைக் கட்டாயம் சேர்க்கிறேன். கொல்லங்கோட்டு அக்கா, அந்தக் கணக்குப் புத்தகத்தை அவசியம் கொண்டு வாருங்கள். ஒரு பக்கத்தையாவது எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும்.

நான் சொல்ல நினைப்பது இப்போது எனக்கே தெளிவாகிவிட்டது. தண்டவதே சிறைக்குப் போனவர் என்பதற்காக மட்டும் அவரைப் பேசப் போவதில்லை. சிறைக்குப் போனவர்கள் நிறையப் பேர். வெளியே வந்து அதிகாரம் கையில் கிடைத்ததும் அவர் முதலில் பார்த்தது மரப்பலகையில் படுத்திருந்தவனையும் வேலை போன ஃபிட்டரையும். பதிமூன்று வருஷம் கழித்து மறுபடி கிடைத்தபோது ஊதுகுழலோடு இருந்த ஆசாரியைப் பார்த்தார். ஓட்டுரிமையையும் இரண்டு அங்குல மெத்தையையும் அவர் வேறு வேறாக நினைக்கவில்லை. அதைத்தான் நம் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

கொங்கண் ரயிலும் வரும். அது அவருடைய நீண்ட நாள் ஆசை. 1990-ல் ஜார்ஜ் பெர்னாண்டஸ் ரயில்வே அமைச்சர், இவர் நிதி அமைச்சர். இரண்டு பேரும் மேற்குக் கரைக்காரர்கள். அப்போதுதான் கொங்கண் ரயில்வே கழகம் உருவாயிற்று. அதைக் கட்டி முடிக்கத் தலைமையேற்றவர் நம் பாலக்காடு மாவட்டத்து ஈ. ஸ்ரீதரன், விக்டோரியா கல்லூரியில் படித்தவர். ரோஹாவிலிருந்து மங்களூர் வரை முழுப் பாதையும் 1998 ஜனவரி 26-ல் திறந்தது. அதற்குள் 1991 தேர்தலில் ராஜாப்பூரில் தோற்றிருந்தார் தண்டவதே. வண்டி ஓடத் தொடங்கியபோது திட்டக் குழுவின் துணைத் தலைவராக இருந்தார். 2005 நவம்பர் 12-ல் மும்பையில் இறந்தார். உடலை ஜே.ஜே. மருத்துவமனைக்கு, மாணவர்கள் படிக்கக் கொடுத்துவிட்டார்கள்.

வாளையார் காற்று

சரி, நானும் வருகிறேன். 1979 பற்றிய என் கேள்வியைக் கூட்டத்திலும் கேட்பேன், முகத்துக்காக விட மாட்டேன். 44-வது திருத்தம் நல்ல பதில், ஆனால் அது முழுப் பதில் ஆகாது.

கொழிஞ்சாம்பாறை வாசகன்

தாராளமாகக் கேளுங்கள். மீனாட்சிபுரம் சார், நீங்களும் மேடையில் ஒரு பத்து நிமிஷம் கடன் தள்ளுபடி பற்றிப் பேச வேண்டும். உங்கள் பக்கத்தை நான் சொன்னால் அந்த அம்மா கேட்டது மாதிரி இருக்காது.

மீனாட்சிபுரம் சார்

வருகிறேன். தேதி முடிவானதும் இங்கேயே போடுங்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து மீனாட்சிபுரத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் விசாரித்து வையுங்கள், அதற்குள் முடித்துவிடலாம்.